ஹெட் பார்க்காமல் வாங்கிய மூன்று ஃபேன்கள்

என் மேசைக்கு மேலே இருக்கும் அலமாரியில் இரண்டு கம்ப்யூட்டர் ஃபேன்கள் கழற்றித் திரும்பப் பெட்டிக்குள் போட்டபடி கிடக்கின்றன. மூன்றாக வாங்கியவை. மூன்றாவது இன்னும் வேலையில் இருக்கிறது, அதன் கதை பிறகு.

பல்லடம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்துகொண்டு கல்யாண வீடியோக்களை எடிட் செய்துகொடுப்பது என் பிழைப்பு. வேலை செய்யும் அறை மேல்மாடியில். பகல் முழுக்கக் குடித்த வெயிலைக் காங்கிரீட் கூரை இரவு பதினோரு மணி வரைக்கும் கக்கிக்கொண்டே இருக்கும். ஏசி இல்லை. சித்திரை, வைகாசி முகூர்த்தங்களும் கத்திரி வெயிலும் எப்போதும் கைகோத்துக்கொண்டுதான் வரும். ஆக, வருடத்திலேயே அதிக வேலை இருக்கும் மாதத்தில்தான் என் கம்ப்யூட்டர் அதிகம் வேகும்.

உள்ளே இருப்பது ரைசன் 9 5900எக்ஸ் ப்ராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. ப்ராசஸர் முழுமூச்சில் 142 வாட் வரை இழுக்கும், கார்டு 170 வாட். கேபினெட் வாங்கியபோது அழகைத்தான் பார்த்தேன். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்குப் பின்னால் வண்ண விளக்கோடு மூன்று 120 மில்லிமீட்டர் ஃபேன்கள். வாடிக்கையாளர்கள் வந்து உட்கார்ந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று ஒரு நினைப்பு.

அந்த மே மாதம், அறையில் 38 டிகிரி இருக்கும்போது இரண்டரை மணி நேர முகூர்த்த வீடியோவை ஏற்றுமதிக்குப் போட்டேன், அதாவது எடிட் செய்ததை ஒரே கோப்பாக வெளியே எடுக்கும் வேலை. ஐந்தே நிமிடத்தில் ப்ராசஸர் 90 டிகிரியைத் தொட்டது. அந்த மாடலுக்கு அதுதான் உச்சவரம்பு. தொட்டதும் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 46 நிமிடத்தில் முடிய வேண்டியது 52 நிமிடம் ஆனது. நேரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சத்தம்தான் தாங்கவில்லை.

ஃபேன் சரியில்லை என்று முடிவு கட்டிவிட்டுக் கோயம்புத்தூர் போனேன். கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்துக் காட்டி, "இது எழுவது சிஎஃப்எம் சார், நீங்க வெச்சிருக்கறது நாப்பதுகூடத் தள்ளாது" என்றார். சிஎஃப்எம் என்றால் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்பது கணக்கு. எழுபது பெரிதா நாற்பது பெரிதா? மூன்றை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பெட்டியில் ஸ்டேட்டிக் பிரஷர் என்ற வரியே இல்லை. அப்படி ஒரு வரி இருக்க வேண்டும் என்பதே அன்றைக்கு எனக்குத் தெரியாது. இன்றைக்கு அந்த எண்ணை அச்சிடாத பெட்டியை நான் கையிலேயே எடுப்பதில்லை.

மாட்டி ஓட்டினேன். 90 இருந்த இடத்தில் 89. சத்தம் மட்டும் கூடியிருந்தது. முன்பு வெறும் இரைச்சல், இப்போது அதற்குள் ஒரு 'ஊம்ம்' என்ற உறுமலும் சேர்ந்துகொண்டது.

மாடிக்குக் காபி கொண்டுவந்த அப்பா கொஞ்ச நேரம் நின்று வேடிக்கை பார்த்தார்.

"ஏஞ்சாமி, புது ஃபேனு மாட்டியும் சூடு எறங்கலயா?"

"இல்லீங்ப்பா. எழுவது அடி காத்துத் தள்ளும்னு போட்டிருக்குது. எங்க போகுதுன்னே தெரியலீங்க."

"முன்னால கண்ணாடிய வெச்சு அடச்சுப்போட்டு எழுவது தள்ளு, எம்பது தள்ளுன்னா எப்புடித் தள்ளும்? நம்ம மேட்டுக்காட்டுத் தொட்டிக்கு மொதல்ல ஒரு மோட்டாரு வெச்சமே, அந்தக் கதையாட்டல்ல இருக்குது."

அந்த மோட்டார் கதை எங்கள் வீட்டில் பிரசித்தம். கிணற்றிலிருந்து வாய்க்காலுக்கு இறைக்க அப்பா ஒரு மோனோபிளாக் வைத்திருந்தார். வாய்க்காலில் கொட்டினால் கை நிறையத் தண்ணீர் வரும். சொட்டுநீர் போட்டபோது, மேட்டில் கட்டிய தொட்டிக்கும் அதே மோட்டாரையே மாட்டினார். அறுபதடி ஏற்றம். தொட்டியில் விழுந்தது குழந்தை மூத்திரம் போன மாதிரி ஒரு நூல். மோட்டார் கெட்டுப்போகவில்லை. அதன் பெயர்ப்பலகையில் டிஸ்சார்ஜ் (எவ்வளவு தண்ணீர் தள்ளும் என்பது) பெரிதாகவும் ஹெட் (எவ்வளவு உயரம் ஏற்றும் என்பது) சிறிதாகவும் இருந்தது, அவ்வளவுதான். ஹெட் கூடிய வேறொரு மோட்டார் வந்தபிறகுதான் தொட்டி நிறைந்தது. அதன் டிஸ்சார்ஜ் பழையதைவிடக் குறைவு.

ஃபேனிலும் அப்படியே. சிஎஃப்எம் என்பது டிஸ்சார்ஜ், ஸ்டேட்டிக் பிரஷர் என்பது ஹெட். இதை உவமையாகச் சொல்லவில்லை. ஸ்டேட்டிக் பிரஷரின் அலகே நீர் மில்லிமீட்டர்தான்: எத்தனை மில்லிமீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும் அளவுக்கு அந்த ஃபேன் காற்றை அழுத்த முடியும் என்பது. நல்ல 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றுக்கு இது இரண்டு, இரண்டரை இருக்கும். இதைச் சொன்னபோது அப்பா சிரித்துவிட்டார். "ரெண்டு மில்லிமீட்டரு ஹெட்டா? இதுக்கா இத்தன ஆர்ப்பாட்டம்?"

பெட்டியில் போடும் இரண்டு எண்களும் நடைமுறையில் ஒருபோதும் வராதவை என்பதை நான் புரிந்துகொள்ள இரண்டு நாள் ஆனது. சிஎஃப்எம் எண், முன்னும் பின்னும் எந்தத் தடையும் இல்லாமல் வெட்டவெளியில் சுற்றும்போது கிடைப்பது. ஸ்டேட்டிக் பிரஷர் எண், வாயை முழுக்க அடைத்துக் காற்றே நகராமல் இருக்கும்போது அளப்பது. இரண்டும் ஒரு வளைகோட்டின் இரு முனைகள். நம் கேபினெட்டுக்குள் ஃபேன் ஓடுவது நடுவில் எங்கோ ஓரிடத்தில். அந்த இடம் எது என்பதைத் தீர்மானிப்பது ஃபேன் மட்டும் கிடையாது, அதன் முன்னால் நாம் என்ன வைத்து அடைத்திருக்கிறோம் என்பதும் சேர்ந்துதான்.

நான் அடைத்திருந்தது எவ்வளவு என்று ஸ்கேல் வைத்து அளந்தேன். ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேனில் நடுக்குமிழைக் கழித்துவிட்டால் காற்று போகும் பரப்பு சுமார் 90 சதுர சென்டிமீட்டர், மூன்றுக்கும் 270. கண்ணாடியின் இருபுறமும் இருந்த இடுக்கு, ஒரு சென்டிமீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் உயரம், இரண்டும் சேர்த்து 80. அதையும் ஒரு நெருக்கமான தூசி வடிகட்டி மூடியிருந்தது. 270 கேட்கும் இடத்துக்கு 80-ஐக் கொடுத்துவிட்டு ஃபேனைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்தது பக்கவாட்டுக் கதவு. யாராவது என்னிடம் சூட்டைப் பற்றிப் புலம்பினால் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன், காசு செலவில்லாத சோதனை. கதவைக் கழற்றி வைத்துவிட்டு அதே வேலையை அதே அறைச்சூட்டில் ஓட்டிப் பாருங்கள். எனக்கு 89 லிருந்து 78 ஆனது. இப்படிப் பத்து டிகிரிக்கு மேல் இறங்கினால் கோளாறு கேபினெட்டின் மூச்சில். இரண்டு மூன்றுதான் இறங்குகிறது என்றால் ப்ராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் கூலரையோ, அதன் அடியில் சூட்டைக் கடத்தத் தடவிக் காய்ந்துபோன பேஸ்ட்டையோ சந்தேகப்படலாம்.

பிறகு பூஜை அறையிலிருந்து ஒரு ஊதுபத்தி. அம்மாவுக்குத் தெரியாமல்தான். கதவை மூடி, கண்ணாடி இடுக்கின் ஓரமாகப் புகையைப் பிடித்தேன். கீழ்ப்பாதியில் உள்ளே இழுத்தது. மேல்பாதியில் புகை வெளியே வந்தது! ஃபேன் உள்ளே தள்ளிய காற்றே, சட்டகத்தைச் சுற்றியிருந்த ஓட்டைகள் வழியாக மறுபடி முன்னால் வந்து, மறுபடி ஃபேனுக்குள் போய்ச் சுழன்றுகொண்டிருந்திருக்கிறது. முன்னால் அடைப்பு கூடினால் காற்று சுலபமான பின்வழியைத் தேடிக்கொள்ளும். (செய்து பார்ப்பவர்கள் கவனம்: எங்கள் ஊர் மாதிரி பஞ்சு பறக்கும் இடமாக இருந்தால் வடிகட்டியைச் சுத்தம் செய்துவிட்டுப் பத்தியைப் பற்றவையுங்கள்.)

இன்னொரு கணக்கும் போட்டேன். பின்பக்கத்தில் வெளியே வரும் காற்றில் தெர்மாமீட்டரை வைத்தால் 54 டிகிரி காட்டியது. அறை 38. உள்ளே போன காற்று 16 டிகிரி ஏறி வெளியே வருகிறது. உள்ளே உருவாகும் வெப்பம் சுமார் 300 வாட். வாட்டை 1.76 ஆல் பெருக்கி, ஏறிய டிகிரியால் வகுத்தால் எத்தனை சிஎஃப்எம் ஓடுகிறது என்று தோராயமாகக் கிடைத்துவிடும். எனக்கு வந்த விடை 33. எழுபது எழுபதாக மூன்று ஃபேன், மொத்தம் 210 என்று நான் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் 33.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்லும். 40 சிஎஃப்எம் ஓடினால் காற்று 13 டிகிரி சூடேறும், 100 ஓடினால் ஐந்தேகால், 150 ஓடினாலும் மூன்றரைக்குக் கொஞ்சம் மேல். 40 லிருந்து 100 போவதில் கிடைப்பது ஏழெட்டு டிகிரி, அதற்குமேல் 50 கூட்டியும் கிடைப்பது இரண்டே டிகிரி. எல்லா ஓட்டையிலும் ஃபேன் மாட்டுகிறவர்கள் இதை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். எத்தனை மாட்டினாலும் அறைச்சூட்டுக்குக் கீழே போகாது என்பதும் அதிலேயே இருக்கிறது.

இவ்வளவும் ஆனபிறகுதான் எண்களை ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். நாக்டுவா கம்பெனியின் இரண்டு 120 மில்லிமீட்டர் ஃபேன்களை ஒப்பிட்டால் விஷயம் பளிச்சென்று தெரியும். என்எஃப்-எஸ்12ஏ: 1200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது), 63 சிஎஃப்எம், 1.19 நீர் மில்லிமீட்டர். என்எஃப்-எஃப்12: 1500 ஆர்பிஎம், 55 சிஎஃப்எம், 2.61. கடைக்காரரிடம் கேட்டால் 63-ஐத்தான் எடுத்துக் கொடுப்பார். ஆனால் முன்னால் வடிகட்டியோ, தண்ணீர்க் கூலரின் ரேடியேட்டரோ இருந்தால் 55 போட்டிருப்பதுதான் அதிகம் தள்ளும்.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு, நானே முதலில் ஏமாந்தேன். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றவில்லையே. ஃபேனின் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்று இரண்டு மடங்காகும், அழுத்தம் நான்கு மடங்காகும், மின்சாரம் எட்டு மடங்கு போகும், சத்தம் சுமார் 15 டெசிபல் கூடும். அப்படியானால் அந்த எஸ்12ஏ-வை 1500 ஆர்பிஎம்மில் சுற்ற முடிந்திருந்தால் அதன் அழுத்தம் 1.86 ஆகியிருக்கும். 2.61-ஐ எட்டவில்லைதான், ஆனாலும் பெட்டி காட்டுகிற அளவுக்கு வித்தியாசம் பெரிதில்லை. சில பெட்டிகளில் 3000 ஆர்பிஎம்மில் எடுத்த அழுத்தத்தைக் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த வேகத்தில் காது தாங்காமல் நீங்கள் 1000-க்கு இறக்கினால் அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். ஆகையால் இப்போது நான் முதலில் பார்ப்பது, என்னால் சகிக்க முடிகிற வேகத்தில் இது எவ்வளவு கொடுக்கும் என்பதைத்தான்.

கடைசியில் நான் வாங்கியது ஆர்க்டிக் பி12. 1800 ஆர்பிஎம், 56.3 சிஎஃப்எம், 2.20 நீர் மில்லிமீட்டர். நாக்டுவா இன்னும் நேர்த்தி, சந்தேகமில்லை. ஆனால் ஒரு நாக்டுவா விலையில் இது குறைந்தது இரண்டு வரும், என் தொழிலுக்கு அந்தக் கணக்கு முக்கியம். இதை நான் 1200-க்கு மேல் ஓட விடுவது அபூர்வம்.

ஃபேன் வருவதற்குள் முன்கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். எல்லாவற்றிலும் அதிகம் பலன் தந்தது இதுதான், ஒரு ரூபாய் செலவில்லை. கண்ணாடி இருந்த இடத்தில் ஜன்னலுக்கு அடித்து மிச்சமிருந்த நைலான் கொசுவலையைச் சட்டம் போட்டுக் கட்டினேன், ஃபேனிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி. இறக்கையை ஒட்டி வலையோ கம்பியோ வந்தால் உறுமும். முன்பு கேட்ட அந்த 'ஊம்ம்' சத்தம் காற்றுக்காக ஏங்கிய ஃபேனின் சத்தம். கொஞ்சம் இடைவெளி விட்டால் பாதி அடங்கிவிடும். சட்டகத்தைச் சுற்றியிருந்த ஓட்டைகளில் கதவிடுக்குக்கு ஒட்டும் ஸ்பாஞ்ச் டேப்பை ஒட்டினேன். வாடிக்கையாளர்கள் முன்னால் அழகு போனது போனதுதான். "அண்ணா, இது கம்ப்யூட்டரா, கோழிக்கூண்டா?" என்று ஒரு மாப்பிள்ளை கேட்டார். பல்லடத்தில் கோழிக்கூண்டைக் கேவலமாகப் பேசக்கூடாது தம்பி என்று சொல்லி அனுப்பினேன்.

பி12 மூன்றும் முன்னால் ஏறின. பின்பக்கத்துக்கு? அங்கே இருப்பது அறுகோண ஓட்டை போட்ட வெறும் தகடு, தடை குறைவு. அங்கே டிஸ்சார்ஜ் பெரிதாக இருக்கும் ஃபேன் தாராளமாகச் சரிப்படும். அலமாரிக்குப் போகவிருந்த எழுபது சிஎஃப்எம்காரர்களில் ஒருவரை அங்கே உட்காரவைத்தேன். அவர் மூன்று பின் ஆசாமி, அதாவது சொருகியில் மூன்று இணைப்புமுனைகள்தான். நான்கு பின் இருந்தால்தான் பிடபிள்யூஎம் முறையில் (மின்துடிப்புகளால்) வேகத்தை மாற்ற முடியும். மூன்று பின் என்றால் பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) அந்தச் சொருகுமுனையை வோல்டேஜ் முறைக்கு மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் எந்நேரமும் முழுவேகத்தில் கத்திக்கொண்டிருப்பார். மாட்டும் திசையைக் கேட்பவர்களுக்கு: மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் இருக்கும் பக்கமாகத்தான் பெரும்பாலான ஃபேன்களில் காற்று வெளியேறும்.

அதே வேலை, அதே 38 டிகிரி. பின்னால் வரும் காற்று 45, அதாவது ஏற்றம் ஏழு டிகிரிதான். கணக்குப்படி 75 சிஎஃப்எம். ப்ராசஸர் 79-இல் நின்றது. ஏற்றுமதி 46 நிமிடம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இதற்கு நேர்மாறாகக் கஷ்டப்பட்டார். தண்ணீர்க் கூலர் வைத்திருக்கிறார், 240 மில்லிமீட்டர் ரேடியேட்டர். அதோடு வந்த ஃபேன்களைச் சத்தம் என்று கழற்றிவிட்டு, விளக்கு எரியும் சாதா ஃபேன்களை மாட்டியிருந்தார். ரேடியேட்டர் தகடுகளின் நெருக்கத்துக்குள் காற்றைத் திணிக்க அழுத்தம் வேண்டும். பழையதைத் திருப்பி மாட்டி, வேகத்தை மட்டும் குறைக்கச் சொன்னேன். சரியாகிவிட்டது.

தூசி விஷயத்துக்கு வருகிறேன். ஃபேன் தேர்வைப் பற்றி எங்கள் ஊர் எனக்குக் கற்றுக்கொடுத்தது உண்மையில் இதுதான். பக்கத்துச் சந்தில் தறிக்குடோன். இருபத்துநாலு மணி நேரமும் பஞ்சு பறக்கும். கொசுவலையில் பத்து நாளில் மெல்லிய வெள்ளைப் போர்வை படிந்துவிடும். ஃபேன் வாங்கும்போது எல்லோரும் கழுவிய வடிகட்டியை மனதில் வைத்துக்கொண்டுதான் யோசிக்கிறோம். என் ஃபேன் உழைக்க வேண்டியதோ பதினைந்தாம் நாள் வடிகட்டியோடு. பழைய எழுபது சிஎஃப்எம் ஃபேனைப் பஞ்சு படிந்த வலைக்குப் பின்னால் வைத்துப் பார்த்தேன், பின்னால் வரும் காற்று ஒரே வாரத்தில் ஐந்து டிகிரி கூடியது. பி12 வைத்தபோது இரண்டு வாரத்தில் இரண்டு டிகிரி. அழுத்தம் உள்ள ஃபேன், அடைப்பு கூடக்கூட மெதுவாகத்தான் தோற்கும். சொட்டுநீர்க் குழாயில் ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தம் காட்டும் கேஜ் வைத்து, இரண்டுக்கும் வித்தியாசம் கூடினால் அப்பா ஃபில்டரைக் கழுவப் போவார். எனக்கு அந்தத் தெர்மாமீட்டர்தான் கேஜ். அறைக்கும் பின்காற்றுக்கும் பத்து டிகிரி வித்தியாசம் வந்தால் வலையைக் கழற்றிக் குழாயடிக்குப் போகிறேன். வெளியே தள்ளுவதைவிடக் கொஞ்சம் அதிகமாக உள்ளே இழுக்கும்படி வைத்திருப்பதும் இதற்காகத்தான், பஞ்சு இடுக்குகள் வழியாக நுழையாமல் வலை வழியாக மட்டுமே வரும். புளோயர் அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங்குக்கு நல்லதில்லை.

எந்தச் சூட்டுக்கு ஃபேன் எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்ற வேகக்கோடு அமைப்பதில் ஒரு வாரம் போனது. ரைசன் சூடு நொடிக்கு நொடி குதிக்கும். ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தாலே பத்துப் பதினைந்து டிகிரி ஏறி இறங்கும். அதோடு ஃபேனைக் கட்டிவைத்தால் உறுமுவதும் அடங்குவதுமாக மனுஷனைப் பைத்தியமாக்கும். முன் ஃபேன்களைக் கிராபிக்ஸ் கார்டின் சூட்டோடு இணைத்தேன், அது நிதானமாக ஏறும். மாற்றத்துக்கு முன் சில நொடிகள் பொறுக்கச் சொல்லியும் வைத்தேன். இப்போது ஏறுவதே தெரிவதில்லை.

இடம்பற்றியும் சொல்ல வேண்டும். என் கேபினெட் மேசைக்கு அடியில் சுவரை ஒட்டி இருந்தது. பின்னால் வந்த சூடான காற்று சுவரில் முட்டி, மேசைக்கடியிலேயே சுற்றி, மறுபடி முன்னால் வந்துகொண்டிருந்தது. ஒரு சாண் முன்னால் இழுத்து வைத்ததில் மூன்று டிகிரி. மூடிய அறையில் 300 வாட் என்பது ஒரு சின்ன ஹீட்டர், அது அறையையே ஏற்றும். சமையலறையில் இருந்து கழற்றிய பழைய எக்ஸாஸ்ட் ஃபேனை ஜன்னலில் பொருத்தினேன். அதற்கு முன்னால் அடைப்பு எதுவும் இல்லை, டிஸ்சார்ஜ் மட்டும் போதும்.

போன மாதம் அப்பா மேட்டுக்காட்டு மோட்டாரை மாற்ற வேண்டும் என்று ஒரு கேட்டலாக்கோடு மாடிக்கு வந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் ஹெட்டும் டிஸ்சார்ஜும் போட்ட வளைகோடுகள். "இதுல நமக்கு எது சாமி, நீயே பாரு" என்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். தொட்டி எத்தனை அடி உயரம், குழாய் எத்தனை அங்குலம், ஃபில்டர் எவ்வளவு அடைத்திருக்கிறது என்று நான் வரிசையாகக் கேட்க ஆரம்பித்தேன்.